கப்பல் வராத கோட்டை

என் கணவர் போன மீன்பிடிப் படகு திரும்பவில்லை. உடலும் கரை ஒதுங்கவில்லை. அப்படி நேர்ந்தால், பெண்டாட்டி சம்மதிக்காமல் காரியம் செய்வதில்லை என்பது எங்கள் குடும்பத்து வழக்கம். நாகப்பட்டினத்திலிருந்து மாமியார் போனில் கெஞ்சிக்கொண்டே இருந்தார். பொட்டை அழிக்க மாட்டேன் என்று நான், நாங்கள் பிழைக்க வந்த மட்டாஞ்சேரி வாடகை வீட்டிலேயே கிடந்தேன்.

தினமும் வேலை முடிந்ததும் அவர் படகு கிளம்பிய துறைமுகத்தின் வாயிலில் பாழடைந்து கிடக்கும் கோட்டைக்குப் போவேன். எதிரிக் கப்பல்களைச் சுட ஒரு காலத்தில் பீரங்கி வைத்திருந்த இடம். சுவரில் உள்ள துவாரம் வழியே பார்த்தால், உள்ளே நுழையும் எந்தப் படகும் கண்ணுக்குத் தப்பாது. அங்கே காவலுக்கு இருந்த மலையாளச் சேட்டனுக்கு என் கதை தெரியும். ஆனாலும் ஒருநாளும் வாய் திறந்ததில்லை.

ஒரு மாலை நான்தான் கேட்டேன். "சேட்டா, இங்கேருந்து எத்தனை கப்பலைச் சுட்டாங்க?"

"ஒண்ணுகூட இல்ல மோளே. கப்பலே வரல்ல. பட்டாளக்காரங்க கடலை நோக்கி நோக்கி இருந்தாங்க. பின்னே ஒருநாள், போதும்னு உத்தரவு வந்தது. பீரங்கியை எடுத்துட்டுப் போயிட்டாங்க."

பிறகு என் முகத்தைப் பார்க்காமலே சொன்னார்: "உனக்கு உத்தரவு தர ஆளில்ல. நான் சொல்றேன். போதும் மோளே."

அங்கேயே உட்கார்ந்து அழுது தீர்த்தேன். பிறகு மாமியாருக்குப் போன் செய்தேன். "காரியத்துக்கு நாள் பாருங்க அத்தை."

அத்தனை நாள் கெஞ்சியவர் வீறிட்டு அழுதார். "ஐயோ, நீயும் விட்டுட்டியாடி? நீ பார்த்துட்டிருக்கேன்னுதானே நான் தைரியமா இருந்தேன்!"

அந்தத் துவாரத்தின் முன்னால் நான் ஒருத்திதான் உட்கார்ந்திருக்கிறேன் என்று அதுவரை நினைத்திருந்தேன்.