சுவர்மேல் எரிந்த பச்சை விளக்கு

இருட்டைச் சோதிக்கப் போன நான் டார்ச்சை ஸ்கூட்டரிலேயே விட்டுவிட்டுப் போனேன். அன்று நடந்ததைச் சொல்வதைவிட இதைச் சொல்லத்தான் எனக்கு அதிகக் கூச்சம்.

கட்டடங்களில் கரண்ட் போனால் எரிய வேண்டிய எமர்ஜென்சி விளக்குகள் நிஜமாகவே எரிகின்றனவா என்று பார்ப்பது என் தொழில். பேய், பிசாசில் எல்லாம் நம்பிக்கை கிடையாது. எர்த்திங் சரியில்லாத வீடுகளில்தான் பேய் நடமாடும் என்று கல்யாணப் பந்திகளில் சொல்லிச் சிரிக்க வைத்தவன். நீங்களும் சிரிக்கலாம், தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டேன்.

கும்மிடிப்பூண்டியில் பெயிண்டுக்கான தின்னர் தயாரிக்கும் ஒரு கம்பெனி. ஜன்னலே இல்லாத பழைய ஹாலில் மறுநாள் முதல் பேக்கிங் வேலை. பக்கத்து ஊர்களான ஆரணி, எளாவூரிலிருந்து வேன் நிறையப் பெண்கள் வந்து உட்காரப் போகிறார்கள். நான் கையெழுத்துப் போட்டால்தான் ஹாலைத் திறக்க முடியும்.

எங்கள் ஆட்களில் பலர் விளக்கின் அடியிலுள்ள பட்டனை அழுத்திப் பார்த்துவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார்கள். நான் மெயினை அணைக்கச் சொல்லி, பேட்டரி எவ்வளவு நேரம் தாங்குகிறது என்று உள்ளேயே நின்று பார்க்கிற ரகம். நடுவில் யாராவது மெயினைப் போட்டால் பேட்டரி சார்ஜ் ஏறி, அத்தனையும் வீண். அதனால் நானே வெளியே வந்து சொல்லும்வரை சுவிட்சைத் தொடக் கூடாது என்று கம்பெனி எலக்ட்ரீஷியன் காதரிடம் கறாராகச் சொல்லியிருந்தேன்.

"உள்ள எதுனா ஆயிடுச்சுன்னா இன்னா சார் பண்றது?" என்றார் காதர்.

"இன்னா ஆவப் போவுது? அதான் லைட்டு எரியுமே."

தின்னர் இருக்கும் இடம் என்பதால் செல்போனையும் கேட்டில் வாங்கி வைத்துக்கொண்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், வெளியே வெயில் கொளுத்துகிறது. உள்ளே விளக்குகள் சிறிது நேரம் எரிந்து, மங்கி, ஒவ்வொன்றாக அணைந்தன. பேட்டரி பழசு, ஃபெயில் என்று மனதில் குறித்துக்கொண்டு திரும்பினால் வந்த வழி எது என்றே தெரியவில்லை. டிரம்மில் முட்டினேன். கத்திப் பார்த்தேன், பதில் இல்லை. எங்கோ ஒரு டிரம் கசிந்திருக்க வேண்டும், வாடை நெஞ்சில் ஏறித் தலை சுற்றியது.

அப்போதுதான் எதிரே ஒரு பச்சை விளக்கு எரிந்தது. ஓடுகிற மனிதன், பக்கத்தில் அம்புக்குறி. வாடை செய்த வேலை என்பீர்கள். நானும் பல வருடமாக அப்படித்தான் சொல்லிப் பார்க்கிறேன்.

தட்டுத் தடுமாறி அதன் கீழே போனேன். இருட்டில் கை பட்ட இடத்தில் கதவின் குறுக்கே இரும்புக் கம்பி, தள்ளித் திறக்கிற வகை. தள்ளினேன். கொஞ்சம் நகர்ந்தது. பிறகு அந்தப் பக்கத்திலிருந்து தள்ளினார்கள். ஒருவர் இல்லை, பல பேர். என்னைத் தடுப்பதற்காகவும் இல்லை. நான் நிற்கும் பக்கம்தான் வெளியே என்று நினைத்தவர்களைப் போலத் தள்ளினார்கள்.

பளிச்சென்று கரண்ட் வந்தது. என் இரண்டு கைகளும் வெள்ளையடித்த செங்கல் சுவர்மேல் இருந்தன. கதவு இல்லை. மேலே விளக்கும் இல்லை, சிமெண்ட் பூசி அடைத்த இரண்டு திருகாணி ஓட்டைகள்தான்.

காதர் ஓடி வந்தார். "ரொம்ப நேரமா ஆளக் காணோமேன்னு பேஜாராயிடுச்சு சார். நீ சொன்னத மீறி மெயின ஏத்திட்டேன், கோச்சுக்காத."

"இங்க கதவு இருந்துச்சா காதரு?"

"இருந்துச்சாம் சார். நான் வேலைக்கு சேர்றதுக்கு முன்னாடியே செவுரு வச்சி மூடிட்டாங்கோ. ஏன்னு கேட்டா யாரும் வாயத் தொறக்க மாட்டேன்றாங்கோ."

உள்ளங்கைகளில் நேர்கோடாகத் துரு படிந்திருந்தது. கழுவினேன், போய்விட்டது. ஆனால் இன்றும் மூடிய கதவு எதிலாவது கை வைத்தால், அந்தப் பக்கத்திலிருந்து தள்ளுகிறார்களா என்று ஒரு கணம் காத்திருந்துவிட்டுத்தான் திறக்கிறேன்.

மேனேஜர் பேனாவோடு நின்றார். சுவரை உடைத்துக் கதவு வைக்காமல், பேட்டரி அத்தனையையும் மாற்றாமல் கையெழுத்துப் போட மாட்டேன், அதுவரை ஒரு பெண்ணையும் உள்ளே உட்கார வைக்கக் கூடாது என்றேன். ஏன் இவ்வளவு பிடிவாதம் என்று கேட்டார். புத்தி கெட்டுப்போய் நடந்ததை அப்படியே சொல்லிவிட்டேன்.

மனிதர் கடைசிவரை கேட்டுவிட்டுப் பேனாவை நீட்டினார்.

"அப்ப அந்த லைட்டு எரிஞ்சிதுல்ல சார்? அத மட்டுமாவது பாஸ்னு போட்டுக் குடுங்க."