வடக்கே என்று சொன்ன ரஞ்சனி

செஞ்சியில் எங்கள் எதிர்வீட்டுத் தனகோட்டியின் மகள் ரஞ்சனிக்குச் சென்னையில் வேலை. கரையோரக் கடலில் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுமென்று கம்ப்யூட்டரில் கணக்குப் போட்டுச் சொல்கிற வேலை. அவள் ஏரியைப் பார்த்து வளர்ந்தவள். ஏரியில் அலை மேலும் கீழும் ஆடும், தண்ணீர் அங்கேயேதான் இருக்கும். அதனால் காற்றும் கடல் ஏறி இறங்குவதும் போதுமென்று, அலையைக் கணக்கில் சேர்க்காமல் விட்டாள்.

போன மாசி மகத்துக்குச் சாமியோடு புதுச்சேரிக் கடலுக்குப் போனோம். முழுக்குப் போட இறங்கிய தனகோட்டியை அலை இழுத்துக்கொண்டது. எல்லோரும் ரஞ்சனியைத்தான் கேட்டார்கள். அவள் போனில் பார்த்துவிட்டு, "வடக்க தேடுங்க" என்று கத்தினாள். படகுகள் வடக்கே போயின. சாயங்காலம் அவன் உடம்பு தெற்கே ஒதுங்கியது. கரைக்குச் சாய்வாக வந்து உடைந்த அலைகள் தண்ணீரைத் தெற்கே தள்ளியிருந்தன.

படகுகள் தெற்கே போயிருந்தாலும் அவன் உயிரோடு கிடைத்திருக்க மாட்டான் என்பது என் கட்சி. யார் என்ன சொன்னாலும் நான் அதை மாற்றிக்கொள்ளப் போவதில்லை. ரஞ்சனிதான் கேட்பதில்லை.

இப்போது அலையையும் கணக்கில் சேர்த்துவிட்டாள். லீவில் வந்தாலும் அந்த நாளின் கணக்கையே திரும்பத் திரும்ப ஓட்டுகிறாள்.

"சோறு ஆறிப்போவுதுடி. இன்னாத்துக்கு அதையே பாத்துனு இருக்குற?" என்றேன்.

"எப்டிப் போட்டாலும் தெக்குன்னே வருது ஆயா. ஒரு வாட்டியாவது வடக்குன்னு வருதான்னு பாக்கறேன்."