பேட்டரி இல்லாத காற்றுமானியோடு புதுமடம் வரை

எல்லாப் பாடமும் கலந்த படிப்பு என்றால் எந்தப் பாடத்தையும் முழுசாகப் படிக்க வேண்டாம் என்று கணக்குப் போட்டுச் சேர்ந்த முட்டாள் நான். பி.காம். முடித்த கையோடு, பருவநிலை, சுற்றுச்சூழல், எரிசக்தி மூன்றையும் ஒன்றாகச் சொல்லித் தரும் முதுகலை வகுப்பில் மதுரையில் போய் உட்கார்ந்தேன். முதல் வாரமே விஷயம் விளங்கிவிட்டது. எல்லாவற்றையும் முழுசாகப் படிக்க வேண்டும். போதாததற்கு, பக்கத்து நாற்காலிக்காரனோடு அவனுடைய பாடத்திலேயே சண்டை போடும் அளவுக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

2008 ஜூன் மாதம், முதலாண்டு முடிந்ததும் மூன்று நாள் களப்பயணம். எங்கள் குழுவில் மூன்று பேர்: இயற்பியல் படித்துவிட்டு வந்த ரஹ்மத், தாவரவியல் படித்த செல்வம், லாப நஷ்டம் தவிர வேறொன்றும் அறியாத நான். முதல் இரண்டு நாள் விறகையும் காற்றையும் பார்த்துவிட்டு, மூன்றாம் நாள் ஏதாவது ஒரு வீட்டில் முழுக்க இருந்து எரிவது, சுழல்வது, குளிர்வது அத்தனையையும் பார்த்து எழுத வேண்டும். புதுமடத்தில் இருக்கும் ரஹ்மத்தின் வீட்டையே தேர்ந்தெடுத்தோம்.

அதில் ஒரு சிக்கல் இருந்தது. ரஹ்மத்தின் வாப்பா சவூதியில் எண்ணெய்க் குழாய்களுக்கு வெல்டிங் வைப்பவர். விடுமுறையில் வந்தவர், மகளிடம் இந்தப் படிப்பு ஓராண்டோடு போதும், ராமநாதபுரத்தில் பி.எட். சேர்ந்துவிடு என்று சொல்லிவிட்டார்.

"நான் என்ன படிக்கிறேன்னு சொன்னா வாப்பாவுக்கு வெளங்கல. நீங்க வாங்க, உங்களப் பாத்துட்டு முடிவு சொல்றேன்னுருக்காரு" என்றாள் ரஹ்மத்.

எங்களைப் பார்த்தால் ஒருவர் மனம் மாறும் என்று நம்பியது, இயற்பியல் படித்தவள் செய்யக்கூடிய காரியமாக எனக்குப் படவில்லை.

காலை ஆறு மணிக்கு மதுரையில் பஸ் ஏறினோம். ராமநாதபுரத்துக்கு முப்பத்தெட்டு ரூபாய், மூன்று மணி நேரம். துறையிலிருந்து இரவல் வாங்கிய காற்றுமானியை என் துண்டில் சுற்றி மடியில் வைத்திருந்தேன். உப்புக்காற்று பட்டால் கெட்டுவிடும், புதுமடத்தில்தான் பிரிக்க வேண்டும் என்பது என் உத்தரவு.

"என்ன தம்பி, பச்சப்புள்ள மாதிரி மடியில வச்சிருக்கீக?" என்றார் கண்டக்டர்.

"காத்த அளக்குற மெசினுண்ணே."

"சன்னலத் தொறந்தா மூஞ்சியில அறையப் போகுது. இதுக்கு மெசினு வேறயா" என்று டிக்கெட்டைக் கிழித்தார்.

ராமநாதபுரத்தில் பஸ் மாறிச் சாயல்குடி. வழியெங்கும் பனையும் சீமைக்கருவேலமும்தான். ஊருக்கு வெளியே கரிமூட்டம் ஒன்று புகைந்துகொண்டிருந்தது. கருவேல விறகை அடுக்கி, வைக்கோலும் மண்ணும் போட்டு மூடி, உள்ளே நெருப்பை அடக்கி வைத்திருந்தார்கள். நிலத்தடி நீரைக் குடித்துத் தீர்க்கும் மரம், வேரோடு ஒழிக்க வேண்டும் என்றான் செல்வம். மழை ஏமாற்றிய ஆண்டில் இந்த ஊருக்குச் சோறு போடுவதே இந்த மரம்தான், ஒழித்துவிட்டு எதைத் தின்பார்கள் என்றேன் நான். அவன் இலையைக் கிள்ளி ஆட்டினான். நான் விரலை ஆட்டினேன். மூட்டத்துக்குக் காவலிருந்த அக்கா சலிப்போடு, "ரெண்டு பேரும் அங்கன போயி அடிச்சுக்கங்க. இங்கன விழுந்தா நீங்களும் கரிதேன்" என்றார்.

ரஹ்மத் மட்டும் மூட்டத்தின் மேல் விட்டிருந்த துளைகளையும், அவற்றில் புகை நெளிந்து வெளியேறுவதையும் பார்த்தபடி நின்றாள். ஒரே மரத்தில் நாங்கள் மூவரும் மூன்று மரங்களைப் பார்த்தோம். திரும்பும் பஸ்ஸில் செல்வம் கரியின் விலையைப் பற்றிக் கேட்டான். நான் வேரின் ஆழத்தைப் பற்றிக் கேட்டேன். இந்தப் படிப்பின் மேல் எனக்கு மரியாதை வந்தது அந்தப் பஸ்ஸில்தான்.

இரண்டாம் நாள் மண்டபம். கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று வீசும் காலம். தென்கடல் கரையில் நின்றபோது அலை முகத்தில் அடித்தது. ஊரைக் குறுக்கே நடந்து வடகடலுக்குப் போனால், கண்மாய்த் தண்ணீர் போல அமைதி. காற்று மாறும்போது படகுகளையும் கடல் மாற்றிக்கொள்கிறார்கள். கோபம் வந்தால் போய் உட்கார இன்னொரு கடல் வைத்திருக்கும் ஊரை நான் வேறெங்கும் கண்டதில்லை. தூரத்தில் பாம்பன் பாலத்தின் மேல் ரயில், ஈரச்சுவரில் பூரான் போவதைப் போல நிதானமாகப் போனது. மூவரும் டீயை ஆறவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

மூன்றாம் நாள் காலை உச்சிப்புளியில் இறங்கி, ஆட்டோவில் புதுமடம். வாப்பா வாசலுக்கே வந்து அழைத்துப்போனார். சர்பத் கொடுத்தார். விசாரணை ஆரம்பமானது.

"தம்பி என்ன படிச்சீக?"

"பி.காம்."

"அவுக?" என்று செல்வத்தைக் காட்டினார்.

"செடி கொடி."

"கணக்கு, செடி கொடி, எம்மவ கரண்டு. மூணையும் ஒரே சட்டியில போட்டா என்ன கொழம்பு தம்பி வரும்?" என்று சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்தினார். "நான் எண்ணெயில சம்பாரிச்சு அனுப்புறேன். இவ அந்தக் காசுல எண்ணெ ஆகாதுன்னு படிக்கிறா."

ரஹ்மத் தரையைப் பார்த்தாள். இனிப் பேச்சு உதவாது, கருவியைக் காட்டிவிடுவோம் என்று துண்டைப் பிரித்தேன். காற்றுமானியின் பொத்தானை அழுத்தினேன். ஒன்றும் இல்லை. மறுபடி அழுத்தினேன். பின்மூடியைத் திறந்தால் பேட்டரி இருக்க வேண்டிய இடம் காலி. கரண்டு சமாச்சாரம், ரஹ்மத் போட்டிருப்பாள் என்று நான் நினைத்திருந்தேன். கடையில் வாங்குவது பி.காம். வேலை என்று அவள் நினைத்திருந்தாள். செடியில் காய்க்காத பொருளைப் பற்றிச் செல்வம் நினைக்கவே இல்லை. வாப்பா அந்தக் காலிக் குழியை நிதானமாக எட்டிப் பார்த்துவிட்டு, எங்களையும் அதே மாதிரி பார்த்தார்.

அந்த நேரம் பார்த்து அடுப்படியிலிருந்து புகை கூடத்துக்கு வந்தது. எங்களுக்காக ரஹ்மத்தின் உம்மா விறகடுப்பில் நெய்ச்சோறு ஏற்றியிருந்தார். எல்லோரும் இருமினோம்.

"கச்சான் அடிச்சா இப்புடித்தேன்" என்றார் வாப்பா.

"கச்சான் என்ன செஞ்சுச்சு? வெறகு ஈரம்" என்று உள்ளிருந்து உம்மா இருமினார்.

"மூணு வருசமா இந்தச் சண்டதான்" என்று எழுந்தாள் ரஹ்மத். சாம்பிராணிச் சட்டியில் அடுப்பிலிருந்து நாலு நெருப்புக் கங்குகளை அள்ளிப்போட்டு, சாம்பிராணி தூவி, அதை ஏந்தியபடி அடுப்படிக்குள் மெல்ல நடந்தாள். நாங்கள் வரிசையாகப் பின்னால் போனோம். வெள்ளைப் புகை வடக்குச் சுவரோரம் ஏறி, கூரைக்குக் கீழே ஓரிடத்தில் முட்டி, மடங்கி, கூடத்துப் பக்கம் திரும்பியது. முட்டிய இடத்தில் ஒரு பிளைவுட் பலகை.

"வாப்பா, அங்கன புகைபோக்கி ஜன்னல் இருந்துச்சுல்ல?"

சவூதியிலிருந்து வாப்பா கொண்டுவந்த ஏ.சி.யின் பின்பக்கம் அந்த ஜன்னலுக்கு வெளியேயுள்ள சந்தில்தான் நீட்டிக்கொண்டிருந்தது. அதில் கரி படியக் கூடாதென்று ஜன்னலை அடைத்தவர் அவரேதான்.

"நீங்க காத்த வஞ்சீக, உம்மா வெறக வஞ்சாக. ஏ.சி.ய யாரும் திட்டல" என்றாள் ரஹ்மத்.

"கரி படிஞ்சா ஏ.சி. போயிருமேம்மா."

"மேல தகரம் ஒண்ண வளச்சு வச்சா புகை ஏ.சி.க்கு மேல போயிரும். வளைக்கத்தான் ஆள் வேணும்."

வாப்பா சுத்தியலைத் தேடி எடுத்தார்.

அதன் பிறகு நடந்ததை எத்தனை முறை சொன்னாலும் எனக்கு அலுப்பதில்லை. பலகை கழன்றது. பழைய தகரம் ஒன்றை வாப்பா வெட்டி வளைத்தார். எவ்வளவு சாய்வு என்று ரஹ்மத்திடம் கேட்டார். செல்வம் விறகை முகர்ந்து பார்த்து, உம்மா சொன்னதும் நிஜம், இரண்டு வாரமாவது காய வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னான். நான் ஏணியைப் பிடித்துக்கொண்டேன், வணிகவியலின் பங்களிப்பு. மதியத்துக்குள் புகை வடக்குப் பக்கமாக வெளியேறத் தொடங்கியது. அடுப்படியில் இருமாமல் நின்ற உம்மாவைப் பார்த்தபோது, வகுப்பில் ஓராண்டு கேட்ட விரிவுரைகளெல்லாம் இந்த ஒரு சுவரைப் பற்றித்தானோ என்று தோன்றியது.

நெய்ச்சோறும் கறியும் உண்டு, மாலையில் கிளம்பினோம். எங்கள் ஊரில் என் அம்மா இன்றும் புகையில்தான் சமைக்கிறாள். அவளுடைய சுவரை நான் ஒரு நாளும் நிமிர்ந்து பார்த்ததில்லை. ஆட்டோவில் ஒரு காலை வைத்தபடி, மூன்று நாளாய்த் தொண்டையில் இருந்ததைக் கேட்டுவிட்டேன்.

"வாப்பா, அடுத்த வருசம் ரஹ்மத் படிக்க வருவாங்களா?"

"வருவா. பேட்டரி மட்டும் நீ வாங்காத, சாம்பிராணியே போதும்."