இன்னும் ஒரு சிட்டிகை

அவளுக்குக் கரண்டியில் அளக்கும் வழக்கமே கிடையாது. முந்நூறு பேர் சாப்பிடும் ஆலைக் கேன்டீனில் பத்தொன்பது வருஷமாக அவள்தான் தலைமைச் சமையல்காரி. கொதிக்கும் அண்டாவின் முன்னால் நின்று, உள்ளங்கையில் உப்பை அள்ளி, ஒரு விநாடி கண்ணை மூடுவாள். பிறகு போடுவாள். ஒரு துளியை நாக்கில் விட்டுப் பார்ப்பாள். குறைந்தால் இன்னும் ஒரு சிட்டிகை. அவ்வளவுதான். அவளுடைய பெயர் ஆலையில் பாதிப் பேருக்குத் தெரியாது. 'அளவுக்காரி' என்று கேட்டால் வாசல் காவலாளிகூடக் கை காட்டிவிடுவான்.

அந்தக் கையே ஒருநாள் தன் புருஷனின் நெஞ்சைப் பிடித்து நிறுத்தப் பார்க்கும் என்று யாராவது சொல்லியிருந்தால், சொன்ன வாயில் கரண்டிக் காம்பாலேயே ஒன்று போட்டிருப்பாள்.

புருஷன் லிஃப்ட் மெக்கானிக். ஒல்லி உடம்பு, பெரிய வாய். உயரமான கட்டடங்களின் இருட்டுக் குழிகளில், இரும்புக் கம்பிவடங்களுக்கும் சுவருக்கும் நடுவே இருபத்தாறு வருஷம் ஏறி இறங்கியவர். நிறுவனத்தில் எல்லாருக்கும் நடந்த மருத்துவப் பரிசோதனையில் அவருக்கு ரத்த அழுத்தம் நூற்றெழுபத்தெட்டு என்று காட்டியது. டாக்டரம்மா தினமும் காலையில் போட ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்து, பத்து நிமிஷம் உட்காரவைத்துப் பேசினார். வீட்டுக்கு வந்து அந்தப் பத்து நிமிஷத்தையும் இவர் பத்து விநாடியில் முடித்துவிட்டார்.

"தண்ணி மாத்திரையாம். ஒண்ணுக்குள்ள ரெண்டு மருந்து இருக்காம். உப்பைக் குறைக்கணுமாம். அவ்வளவுதான்."

அவ்வளவுதான்! அந்த ஒரு சொல்லுக்கு அடியில் எத்தனை சொற்கள் நசுங்கிச் செத்தன! இரண்டு வாரத்தில் ரத்தம் கொடுத்துப் பார்க்க வேண்டும் என்ற சீட்டு நாலாக மடிந்து அவருடைய கருவிப் பைக்குள் போயிற்று. மாத்திரைப் பெட்டியில் இருந்த விவரத் தாளில் அவர் கிரீஸ் கையைத் துடைத்துப் போட்டார்.

முதல் இரண்டு வாரம் சிரிப்பாகத்தான் ஓடியது. "நான் மேல ஏறுறதுக்குள்ள இந்த மாத்திரை என்னைக் கீழே இறக்கிடுது. எனக்கே ஒரு லிஃப்ட் வேணும்" என்று கழிப்பறைக்கு ஓடிக்கொண்டே சொல்வார். ஆனால் சாப்பாட்டு மேஜையில் சிரிப்பு இல்லை. உப்பில்லாத காயை இரண்டு வாய் மென்றுவிட்டுத் தட்டைத் தள்ளினார். வாய்விட்டு ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலாவது அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

மாடியில் குடியிருந்த அவருடைய அக்கா சொன்னாள்.

"ஊருக்கெல்லாம் ஆக்கிப் போடுற கை, என் தம்பிக்கு மட்டும் வெந்நீர்ல முக்கி எடுத்துக் குடுக்குதா?"

"உப்பு ஆகாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காங்க அண்ணி."

"டாக்டர் சொல்லுவாங்க. தட்டுல மீதி வெச்சு எழுந்திரிக்கிறது யாரு? எலும்பும் தோலுமா ஆயிட்டான் பாரு."

அன்றைக்கு அவள் பாத்திரம் கழுவும் குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்தில் அழுதாள்.

அடுத்த வாரம் கடையில் அந்தப் பாக்கெட் கண்ணில் பட்டது. வெள்ளைப் பை, அதில் சிவப்பாக ஒரு இதயப் படம். 'சோடியம் குறைந்த உப்பு. ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு ஏற்றது.' யாரோ அவளுக்காகவே எழுதிவைத்ததுபோல இருந்தது. பாக்கெட்டின் பின்பக்கம் எறும்பு ஊர்ந்த மாதிரி பொடி எழுத்து. அதை யார் படிக்கிறார்கள்? நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாள்.

அந்த உப்பு கரிக்கவில்லை. லேசாகக் கசந்தது. அவளுடைய நாக்கா விடும்? இன்னும் ஒரு சிட்டிகை போட்டாள். போதவில்லை. இன்னும் ஒன்று. பத்தொன்பது வருஷம் பழகிய நாக்கு 'இப்போது சரி' என்று சொல்லும்வரை போட்டாள். சாதாரண உப்பில் போடுவதைப்போல இரண்டரைப் பங்கு போயிருந்தது.

அவர் தட்டை வழித்துச் சாப்பிட்டார். "அளவுக்காரி திரும்பி வந்துட்டா!" என்று அவள் கையைப் பிடித்து முகர்ந்தார். அவள் முகம் பூத்தது. பாவி மகள், அந்த நிமிஷத்தில் வீட்டுக்குள் எது வந்து உட்கார்ந்தது என்று அவளுக்கு எப்படித் தெரியும்?

அந்த உப்பு வந்த நாலாவது வாரம் அவர் மாடிப்படியில் நடுவே நின்றார். "கால் ரெண்டும் ஈயமா கனக்குதுடி." வயசாகிறது என்று இரண்டு பேரும் பேசிக்கொண்டார்கள். பிறகு உதட்டோரம் எறும்பு கடிக்கிறாற்போல இருக்கிறது என்றார். தோள்வலி வேறு; அதற்கு, உடன் வேலை செய்யும் மீசைக்காரர் ஒருவர் கொடுத்த வலி மாத்திரையை டாக்டரைக் கேட்காமலே தினம் இரண்டு விழுங்கினார். ஒருநாள் ஸ்பேனர் கைநழுவிக் குழிக்குள் விழுந்து, ஒன்பது மாடிக்கும் கேட்கும்படி இடித்துக்கொண்டே போனதாம்.

சத்துக் குறைவு என்று அவள் முடிவுகட்டினாள். காலையில் காய்கறி சூப், மத்தியானத்துக்கு மூன்றடுக்கு டப்பா, மாலையில் மறுபடி சூப். எல்லாவற்றிலும் அந்த இதயப் படம் போட்ட உப்பு. அவர் தளரத் தளர அவள் ஊட்டினாள்; அவள் ஊட்ட ஊட்ட அவர் தளர்ந்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கேன்டீன் விடுமுறை. அலுவலகங்கள் காலியாக இருக்கும் நாள் என்பதால் லிஃப்ட்காரர்களுக்கு அன்றுதான் பெரிய வேலை. ஓர் அலுவலகக் கட்டடத்தின் ஆறாவது மாடியில் வேலை என்று சொல்லிவிட்டு அவர் காலையிலேயே கிளம்பிவிட்டார். அவள் கடைக்குப் போய், திரும்பும் வழியில் அவருடைய மாத்திரை வாங்க மருந்துக்கடையில் நின்றாள். அந்த மருந்துக்கடைக்காரர் தொணதொணப்புக்குப் பேர்போனவர்.

"இதோட வேற ஏதாவது மாத்திரை போடுறாரா?"

"தோள்வலிக்கு ஏதோ போடுறாரு."

"ஏதோன்னா? சரி, ரத்தம் குடுத்துப் பார்த்தீங்களா?"

"எதுக்குங்க ரத்தம்?"

கடைக்காரர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். அவளுடைய பையின் வாயில் இரண்டு வெள்ளைப் பாக்கெட்டுகள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தன. ஒன்றை எடுத்துத் திருப்பினார். பொடி எழுத்தைப் படிக்கப் படிக்க அவருடைய தொணதொணப்பு நின்றுபோயிற்று.

"இது யாருக்கும்மா?"

"அவருக்குத்தான். அஞ்சு வாரமா போடுறேன்."

"இது பொட்டாசியம் உப்பு. இந்த மாத்திரை போடுறவங்க தொடவே கூடாது. இதயம் நின்னுடும்மா. அவர் இப்ப எங்க?"

"குழிக்குள்ள" என்றாள்.

அவருக்குப் போன் போட்டாள்; அவருடைய கைப்பேசி அடித்துக்கொண்டே இருந்தது. குழிக்குள் இறங்கும்போது அதைப் பையோடு வெளியே வைத்துவிடுவது அவர் வழக்கம். வாடகை வண்டியில் அவள் முன்சீட்டைப் பிடித்துக்கொண்டு குனிந்தே உட்கார்ந்திருந்தாள். மத்தியானம் டப்பாவைத் திறப்பாரே! திறந்திருப்பாரோ? காவலாளி தடுக்கத் தடுக்க ஆறு மாடியும் ஓடி ஏறினாள்.

ஆறாவது மாடியில் லிஃப்ட்டின் வெளிக்கதவு திறந்திருந்தது. மீசைக்காரர் விளிம்பில் குந்தியிருந்தார். கீழே, ஆள் உயரத்துக்குத் தாழ்வாக நின்ற லிஃப்ட் பெட்டியின் கூரைமேல் அவள் புருஷன் இடுப்பு வாரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் டப்பா. மூன்று அடுக்கும் காலி.

"நீ எங்கடி இங்க?" என்று சிரிக்கப் பார்த்தார். "கால் எந்திரிக்க மாட்டேங்குது. வேற யாரோ கால் மாதிரி இருக்கு. நெஞ்சுக்குள்ள யாரோ படியேறி, ஏறி, நடுவுல நின்னு நின்னு வராங்க."

"பேசாதீங்க! அசையாதீங்க!"

"நான் பெட்டியை மெதுவா ஏத்துறேன் தங்கச்சி. மேல வந்ததும் நீ அவர் தோளைப் பிடிச்சுக்க" என்று மீசைக்காரர் கூரைமேல் இறங்கினார். பெட்டி ஓர் அங்குலம், ஓர் அங்குலமாக ஏறியது. கூரை தரைக்குச் சமமாக வந்ததும் அவரை இழுத்துப் போட்டார்கள். கிரீஸ் படிந்த தரையில் அவர் மூட்டையைப்போலக் கிடந்தார்.

மருத்துவமனையில் நெஞ்சில் கம்பிகளை ஒட்டினார்கள். திரையில் ஓடிய கோட்டைப் பார்த்த டாக்டர் முகம் மாறாமல், ஆனால் குரலை உயர்த்தி, மூன்று பேரைக் கூப்பிட்டார். ஐந்துக்குள் இருக்க வேண்டிய பொட்டாசியம் ஏழரை. ஊசி, இன்னொரு ஊசி, பிறகு ரத்தத்தைச் சுத்தம் செய்யும் இயந்திரம். அவள் வெள்ளைப் பாக்கெட்டை மேஜைமேல் வைத்தாள்.

"இதை நான்தான் போட்டேன். ருசி வர்ற வரைக்கும் போட்டேன்."

டாக்டர் திட்டவில்லை. "அந்த மாத்திரையில இருக்கிற ஒரு மருந்து பொட்டாசியத்தை வெளியே தள்ளும், இன்னொண்ணு உள்ளே பிடிச்சு வைக்கும். நீங்க வெளியிலிருந்து கொட்டியிருக்கீங்க. வலி மாத்திரை சிறுநீரகத்தோட வாசலையும் சாத்திடுச்சு. மாத்திரை மேல தப்பில்லம்மா. அந்த ரத்தப் பரிசோதனையைப் பண்ணியிருந்தா அன்னிக்கே தெரிஞ்சிருக்கும்."

"பிழைப்பாரா?"

"இன்னும் ரெண்டு நாள் போகணும். எப்ப வேணா துடிப்பு தடம் மாறலாம். கண் வெச்சிருக்கோம்."

தாழ்வாரத்தில் நாத்தனார் வந்து நின்றாள். அளவுக்காரி அவளுடைய காலடியில் உட்கார்ந்துவிட்டாள். "நீங்க என்னை அடிச்சாக்கூடத் தகும் அண்ணி." "நான் உன்னைக் குத்திப் பேசாம இருந்திருக்கலாம்" என்று நாத்தனார் சுவரைப் பார்த்துச் சொன்னாள்.

மறுநாள் காலை பத்து மணிக்கு அவர் கண்ணைத் திறந்தார். அவள் எல்லாவற்றையும் சொன்னாள், ஒரு சிட்டிகைகூட விடாமல்.

"அந்தச் சீட்டு என் பையிலதான் இருக்கு" என்றார். "டாக்டரம்மா சொன்னதை முழுசா நான் உங்கிட்டச் சொல்லலை."

செவிலி ஒரு கிண்ணத்தில் கஞ்சியும் ஒரு கரண்டியும் கொண்டுவந்து வைத்தாள்.

"இதுல என்ன போட்டிருக்கு?" என்று அவள் கேட்டாள்.

"ஒண்ணுமே போடலைம்மா."

"நெசமாவா?"

"நெசமா."

"பாத்திரத்துல ஏதாவது..."

"ஊட்டுடி, பசிக்குது" என்றார் அவர்.

கேன்டீனின் பெரிய அண்டாவை ஒற்றை ஆளாகச் சாய்க்கும் அந்தக் கை சின்னக் கரண்டியைப் பிடித்தது. பாதிக் கரண்டி எடுத்தாள். அவர் வாயைத் திறந்தார். அவள் அவருடைய முகத்தைப் பார்க்கவில்லை. திரையில் ஓடும் பச்சைக் கோட்டைப் பார்த்துக்கொண்டே ஊட்டினாள். கோடு ஏறி இறங்கியது. ஒரு வாய். காத்திருந்தாள். இன்னொரு முறை ஏறி இறங்கும்வரை காத்திருந்துதான் அடுத்த வாய் கொடுத்தாள்.