காலரில் எழுதிய பாஸ்வேர்டு

ஆஸ்பத்திரி லாண்டரியில் அவளுக்கும் பெயர் என்று ஒன்று இருந்தது. சம்பளப் பட்டியலைத் தவிர வேறெங்கும் அதற்கு வேலையில்லை. எல்லோருக்கும் அவள் ஃபார்ம் அக்கா. அழுக்குத் துணியை எண்ணி வாங்கும் கவுன்டரில் இருபத்திரண்டு வருஷம். லீவு லெட்டரோ, பிள்ளையின் ஸ்கூல் சேர்க்கையோ, எதுவானாலும் பேப்பரை அவளிடம்தான் நீட்டுவார்கள். "எனக்கென்ன பத்து கையா இருக்கு?" என்று ஒரு பாட்டம் கத்திவிட்டு எழுதிக் கொடுப்பாள். கத்தாமல் எழுதினால் அவளுக்கே திருப்தி இருக்காது.

ஐந்து வருஷத்துக்கு முன் ஊழியர்களின் ஓய்வுக்காலச் சேமிப்பை இன்டர்நெட்டில் ஏற்றினார்கள். லாண்டரியின் முப்பத்தியொரு பேருக்கும் அவள்தான் கணக்கு திறந்து கொடுத்தாள். பாஸ்வேர்டு வைத்த மறுநாளே ஆளாளுக்கு மறந்துவிட்டு வந்து நின்றார்கள். பொறுத்துப் பொறுத்துப் பார்த்தாள். அங்கே எல்லோருடைய யூனிஃபார்மும் ஒரே மெஷினில் துவைபடும். மாறிப் போகாமலிருக்க அவரவர் ஊழியர் எண்ணை அழியாத மையில் காலரின் உள்பக்கம் எழுதியிருப்பார்கள். "லாண்டரின்னு போடு, பின்னால உன் காலர் நம்பரைப் போடு. மறந்தா சட்டையக் கழட்டிப் பாத்துக்க, என் உசிர வாங்காத!" என்றாள். என்ன மூளை, என்ன மூளை என்று அன்றைக்கு மெச்சாத ஆளில்லை. அவளுக்கும் தலைகால் புரியவில்லை.

இந்தச் செவ்வாய்க்கிழமை காலையில் சூப்பர்வைசர் ஒரு நோட்டீஸ் ஒட்டினார். சேமிப்பு நிதி அலுவலகத்தின் கம்ப்யூட்டருக்குள் திருடர்கள் புகுந்துவிட்டார்களாம். பெயர், பிறந்த தேதி, ஃபோன் நம்பர், ஊழியர் எண் எல்லாம் போய்விட்டன. பாஸ்வேர்டு போகவில்லை, யாரும் பயப்பட வேண்டாம்.

"அப்பாடா, பாஸ்வேர்டு போகலையாம்" என்றாள் துணி மடிக்கிறவள்.

ஃபார்ம் அக்கா நோட்டீஸை இன்னொரு தடவை படித்தாள். ஊழியர் எண் போய்விட்டதென்றால் பாஸ்வேர்டில் மிச்சம் என்ன இருக்கிறது? லாண்டரி என்கிற ஒரு சொல். அதைக் கண்டுபிடிக்க அரைகுறைத் திருடனே போதும். அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. கவுன்டருக்குப் போனாள், நோட்டீஸுக்குத் திரும்பி வந்தாள், மறுபடி கவுன்டருக்குப் போனாள். தலையணை உறைகளை நாற்பது வரை எண்ணிவிட்டு, விட்ட இடம் மறந்து முதலிலிருந்து எண்ணினாள். சொன்னால் தன் மானம் போகும். சொல்லாவிட்டால் இத்தனை பேரின் வயசான காலத்துச் சோறு போகும்.

பதினோரு மணிக்கு அவள் ஃபோனில் ஒரு செய்தி விழுந்தது. பணம் போய்ச் சேரவேண்டிய வங்கிக் கணக்கை மாற்றுவதற்கான ரகசிய எண் அது. அவள் கணக்குக்கு இல்லை, இஸ்திரி அண்ணன் கணக்குக்கு.

இஸ்திரி அண்ணன் முப்பத்தி நாலு வருஷம் நீராவிப் பெட்டி முன்னால் நின்றவர். இரண்டு மாதத்தில் ஓய்வு. அந்தப் பணத்தை வைத்துத்தான் வாடகை வீட்டை விட்டு, படி ஏற வேண்டாத ஒரு சின்ன வீட்டுக்குப் போகவேண்டும் என்றிருந்தார். கணக்கு திறந்த நாளில் அவரிடம் ஃபோன் இல்லை. அவள் தன் நம்பரையே போட்டுவிட்டாள். முட்டிவலி என்று இன்றைக்கு லீவு.

அடுத்த நிமிஷம் ஒரு அழைப்பு. "சார், நிதி அலுவலகத்துலேருந்து பேசறோம்."

"சாரா? என் குரலக் கேட்டா சார் மாதிரியா இருக்கு?"

அந்தப் பக்கம் தடுமாறியது. "மேடம், சாரோட பணத்தப் பாதுகாக்கத்தான். இப்ப ஒரு நம்பர் வந்திருக்குமே, அதச் சொல்லுங்க."

"உன் பாட்டனே வந்து கேட்டாலும் கெடைக்காது, வைடா ஃபோனை!"

அண்ணனின் கணக்கில் பாஸ்வேர்டை அப்போதே மாற்றினாள். அலுவலகத்தின் உதவி எண்ணைக் கூப்பிட்டு, இருபது நிமிஷம் வெறும் பாட்டைக் கேட்டு, கணக்கிலிருந்து பணம் நகராதபடி பூட்டச் சொன்னாள். பிறகு துவைக்கிற மெஷினை நிறுத்தச் சொல்லி, எல்லோர் முன்னாலும் உள்ளதை உள்ளபடி சொன்னாள்.

"நல்லா இருக்குக்கா! எங்க சம்பாத்தியத்தக் கழுத்துல எழுதித் தெருத்தெருவா சுத்த விட்டியே!" என்று மடிக்கிறவள் பிடிபிடியென்று பிடித்துக்கொண்டாள். ஒவ்வொருவராக வந்து பாஸ்வேர்டு மாற்றும்போது அக்கா சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றாள். "அக்கா, இது சரியா இருக்கா பாருங்க" என்று ஒரு புண்ணியவான் ஃபோனை நீட்டினான். "காட்டாதடா!" என்று அலறினாள்.

ஷிஃப்ட் முடிந்ததும் அண்ணன் வீட்டுக்குப் பஸ் பிடித்தாள். பஸ் ஊர்ந்தது. பொறுக்கமாட்டாமல் இரண்டு ஸ்டாப் முன்னாலேயே இறங்கி நடந்து, மூன்று மாடியையும் ஒரே மூச்சில் ஏறினாள்.

அண்ணன் முட்டியில் வெந்நீர்ப் பை வைத்துக்கொண்டு கட்டிலில் இருந்தார். அவள் நின்றபடியே எல்லாவற்றையும் கொட்டினாள். அவர் உட்காரச் சொல்லவில்லை.

"அப்ப, என் கணக்குக்கு வர்ற நம்பரெல்லாம் அஞ்சு வருஷமா உன் ஃபோனுக்குத்தான் வருதா?"

"ஆமாண்ணே. அப்புறமா மாத்தணும்னு நெனச்சேன். மறந்துட்டேன்."

"பாஸ்வேர்டும் உனக்குத் தெரியும்."

"தெரியும்ணே."

"நெனச்சிருந்தா எடுத்திருக்கலாம்."

"அண்ணே!"

"எடுத்தேன்னு சொல்லலம்மா. எடுத்திருக்கலாம்னு சொன்னேன்."

அவள் அவர் ஃபோனை வாங்கி, தன் நம்பருக்குப் பதில் அவர் நம்பரைப் பதிந்தாள். அதை உறுதி செய்யும் எண் கடைசித் தடவையாக அவள் ஃபோனுக்கு வந்தது, படித்துச் சொன்னாள். புதுப் பாஸ்வேர்டை அவர் ஒற்றை விரலால் தேடித் தேடித் தட்டினார். அதுவரை சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"முடிஞ்சுதாண்ணே?"

"முடிஞ்சுது." ஃபோனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"ஓய்வு ஃபார்ம நாளைக்கு எழுதிடலாமா?"

"மருமக எழுதித் தரேன்னு சொல்லியிருக்கா."

"அப்ப வரேண்ணே."

"சரி, போ."

எப்போதும் போயிட்டு வாம்மா என்று சொல்லி, வலிக்கிற காலோடு படி வரைக்கும் வருகிற மனுஷன். அவள் ஒரு மாடி இறங்கி நின்று, பையில் எதையோ தேடுவதுபோல் கையை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தாள். மேலே கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது. அதன் பிறகும் கொஞ்ச நேரம் துழாவினாள்.