ஞானராஜ் காலியாக விட்ட இருக்கை

செய்தி வந்த நேரத்தில் நான் ஞானராஜ் மேல் கோபமாகத்தான் இருந்தேன். சுங்குவார்சத்திரம் நிறுத்தத்துக்கு எதிரே டீக்கடையில் நின்றுகொண்டிருந்தபோது அவர் மனைவி ஸ்டெல்லா அழைத்தார். "அண்ணா, அவரு போய்ட்டாருண்ணா. காலையில எழுப்புனேன், எழுந்துக்கல." இரண்டு வருடமாகப் பேசாமல் இருந்தவர்கள் நாங்கள். சண்டை பாதியில் நிற்க, அவர் எழுந்து போய்விட்டார்.

நண்பர்களுக்குத் தெரியும், ஒரகடத்தில் கார் கதவு செய்யும் ஆலையில் தரம் பார்ப்பது அவர் வேலை. எழுதியவை பதினோரு சிறுகதைகள். அவற்றில் வருகிறவர்கள் இப்படி: இறந்த கணவனுக்குத் தினமும் சாப்பாடு கட்டி ஆலை வாசலில் வைத்துவிட்டு, மாலையில் காலி டப்பாவை எடுத்துப் போகும் பெண். ஓய்வுபெற்ற பிறகும் தெருவில் நிற்கும் கார்களின் கதவைச் சாத்திச் சத்தம் கேட்கும் மனிதர். மண்ணூரில் நடந்த நினைவுக் கூட்டத்தில் ஒருவர், "மனநோயாளிகளை எழுதியவர்" என்றார். எரிச்சலாக இருந்தது. ஞானராஜ் என்னிடம் சொன்னது வேறு: "பைத்தியம்னு சொல்லிட்டா நம்ம வேலை முடிஞ்சிடுதுண்ணே. அப்புறம் அவன பாக்கவே வேணாம்."

எங்கள் சண்டைக்குக் காரணம் அவருடைய பஸ் கதை. கம்பெனி பஸ்ஸில் யார் பேரும் எழுதியிருக்காது. ஆனால் ஒவ்வொரு இருக்கைக்கும் ஆள் உண்டு. தெரியாமல் உட்கார்ந்த புது ஆளை எழுப்பி விடுவார்கள். அந்தக் கதையில் ஒரு வெல்டர், மண்ணூரில் ஏறப்போகும் ஒருவருக்காகப் பக்கத்து இருக்கையில் துண்டு போட்டு வைக்கிறார். மண்ணூரில் கதவு திறக்கும், யாரும் ஏறமாட்டார்கள். கடைசியில் டிரைவரே அங்கே கொஞ்சம் கூடுதலாக நிறுத்திப் பார்க்கிறார். அத்துடன் கதை முடிகிறது.

"யாரு வர்றாங்கன்னு நீயாவது சொல்லு" என்றேன்.

"இன்னாண்ணே, பஸ்ஸே நிக்குது. உங்களுக்கு மட்டும் இன்னா அவசரம்?"

நான் கல்லூரி பார்த்தவன் இல்லை. லேத் ஓட்டிக்கொண்டே நானாகப் படித்தவன். வாசகனை நடுவழியில் இறக்கிவிடக் கூடாது என்பது என் கொள்கை. என் சிற்றிதழில் அந்தக் கதையைப் போட்டபோது, அவரைக் கேட்காமலே முடிவில் ஒரு வரி சேர்த்தேன்: 'அந்த இருக்கையில் யாரும் இல்லை.'

இதழுடன் என் வீட்டுக்கு வந்தார். சத்தம் போடவில்லை. "நீங்க ஏறிப் பாத்தீங்களாண்ணே?" என்று கேட்டார். பதிலுக்கு நிற்காமல் போய்விட்டார். அதன்பிறகு எனக்குக் கதை தரவில்லை. பதினைந்து வயது பெரியவன் நான் ஏன் முதலில் பேச வேண்டும் என்று நானும் இருந்துவிட்டேன்.

இப்போது அவர் தொகுப்பு வருகிறது. மெய்ப்பு பார்க்கும் வேலை எனக்கு. ஸ்டெல்லா தந்த கையெழுத்துப் படியில் அந்த வரி இல்லை. என் இதழிலிருந்து எடுத்து அச்சுக் கோத்ததால் மெய்ப்பில் இருக்கிறது. வைப்பதா எடுப்பதா என்று யாரும் என்னைக் கேட்கவில்லை. வைக்கத்தான் நினைத்தேன்.

மண்ணூர் நினைவுக் கூட்டம் முடிந்து செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது, அவருடன் ஒரே பஸ்ஸில் போகும் முருகேசன் பக்கத்தில் வந்தார். "சார், அவரு எடத்துல இன்னும் யாரும் குந்தலை. நின்னுக்கினு வர்றவன்கூட குந்தலை."

"யார் சொன்னது, உட்காரக் கூடாதுன்னு?"

"யாரும் சொல்லல சார்."

"எத்தனை நாளைக்கு இப்படி?"

"தெர்ல."

யார் வருகிறார் என்று ஞானராஜ் சொல்லியிருக்க வேண்டும் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். அதில் மாற்றமில்லை. ஆனால் அவர் கேட்ட கேள்வி என்னிடமே தங்கிவிட்டது. நான் ஏறிப் பார்க்கவில்லை. அந்த வரியை அடித்துவிட்டேன்.