மிதித்த காலைத் தொட்டுக் கும்பிடக் கூடாது

மார்கழி மாதம் முழுவதும் விடியற்காலை ஐந்து மணிக்குப் பெருமாள் கோயிலுக்குப் போவது, கல்யாணமாகி சரவணம்பட்டிக்கு வந்த நாள் முதல் என் வழக்கம். வீட்டிலிருந்து பத்து நிமிட நடை. இரண்டு வருடங்களுக்கு முன் கார்த்திகை பிறந்த வாரத்தில், பக்கத்து வீதி அம்மா ஒருவரைப் பின்னாலிருந்து கட்டிப் பிடித்து, ஒருவன் சங்கிலியை அறுத்துக்கொண்டு ஓடிவிட்டான். அன்று சாயங்காலமே என் வீட்டுக்காரர் தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

"இந்த வருசம் கோயிலுக்கெல்லாம் போக வேண்டாம். சாமி ஊட்லயே இருக்குது, கும்பிட்டுக்க."

திருடனைப் பிடிக்க முடியவில்லை, அதனால் என்னைப் பிடித்து வைத்துவிட்டார்கள். பூஜை அறையில் உட்கார்ந்து அழுதேன்.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் குடியிருப்போர் சங்கம், பெண்களுக்குத் தற்காப்பு வகுப்பு, நான்கு ஞாயிற்றுக்கிழமை என்று நோட்டீஸ் ஒட்டியது. "அதுல தேறிட்டா விடுவீங்களா?" என்று வீட்டுக்காரரிடம் கேட்டேன். சிரித்தார். "மாஸ்டர் பாஸ்னு சொல்லட்டும், போ" என்றார். எனக்கு அது போதும்.

முதல் ஞாயிறு, கல்யாண மண்டபத்துச் சாப்பாட்டுக் கூடத்தில் குத்துவிளக்கு ஏற்றினார்கள். சங்கத் தலைவர், பெண்கள் எல்லாம் பராசக்தி என்று தொடங்கி, பராசக்திகள் ஆறு மணிக்குள் வீடு திரும்பிவிட வேண்டும் என்று முடிக்க முக்கால் மணி நேரம் ஆனது. சங்கிலியைப் பறிகொடுத்த அம்மாவுக்கும் ஏதோ பரிசு வாங்கினவர் மாதிரி ஒரு பொன்னாடை போர்த்தினார்கள். மிச்சமிருந்த கால் மணி நேரம் மாஸ்டருக்கு.

மாஸ்டர் சின்ன வயதுப் பையன், நல்ல மரியாதை. "கையை வெடுக்குனு இழுத்தா வராதுங்கம்மா. அவன் கட்டை விரலுக்கும் மத்த விரலுக்கும் நடுவால ஒரு சந்து இருக்குது பாருங்க. அந்தப் பக்கமா மணிக்கட்டைத் திருப்பி, முழங்கையை மடக்கி உருவுங்க" என்றார். இறுகின வளையலைக் கழற்றிப் பழகின எங்களுக்கு அது சீக்கிரமே வந்துவிட்டது.

தகராறு இரண்டாவது வாரம்தான். பின்னாலிருந்து கட்டிப் பிடித்தால் என்ன செய்வது என்ற பாடம். "காலை அகட்டி, உக்கார்ற மாதிரி கீழ எறங்குங்க. குதிகால்ல அவன் பாதத்தை மிதிங்க. முழங்கையால விலாவுல ஒரு குத்து. பிடி தளந்ததும் ஆளுங்க இருக்கற பக்கமா ஓடுங்க."

என்னைப் பிடித்தார். மிதித்தேன். "ஆ" என்று விட்டுவிட்டார். ஓட வழி திறந்துதான் கிடந்தது. நான் திரும்பி, குனிந்து, அவர் பாதத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன்.

"என்னங்கம்மா பண்றீங்க?"

"கால் பட்டுருச்சுங்க தம்பி."

"படலீங்கம்மா. மிதிச்சீங்க. மிதிக்கத்தானே சொன்னேன்."

"இருந்தாலும் பாவமுங்களே."

அடுத்து வந்தவரும் மிதித்தார், குனிந்தார். பதினொரு பேரில் ஒன்பது பேர் அப்படித்தான். மற்ற இரண்டு பேருக்கு மூட்டு வலி, நின்றபடியே காற்றைத் தொட்டுக் கும்பிட்டார்கள்.

மாஸ்டர் தலையில் கை வைத்துக்கொண்டார். "நீங்க குனிஞ்சா அவனுக்கு வேலை மிச்சமுங்கம்மா. கழுத்து அவன் கைக்கே வந்துரும்."

மூன்றாவது வாரமும் கை தானாகவே கீழே போனது. சின்ன வயதிலிருந்து புத்தகத்தில் கால் பட்டாலும் தொட்டுக் கும்பிட்ட கை, அது என் பேச்சைக் கேட்கவில்லை. "இப்படியே போனா நான் பாஸ்னு சொல்ல முடியாதுங்க" என்றார் மாஸ்டர். அந்த வாரம் முழுவதும் எனக்குச் சோறு இறங்கவில்லை. மார்கழி பிறக்க எட்டே நாள்தான் இருந்தது. பெருமாள் படத்துக்கு முன் நின்று, "உன்னைப் பார்க்க வரத்தானே மிதிக்கிறேன், நீயே ஒரு வழி சொல்லு" என்று கேட்டேன்.

சொன்னார் என்றுதான் நினைக்கிறேன். கடைசி ஞாயிறு என் முறை வந்ததும், மாஸ்டர் பிடிப்பதற்கு முன்பே போய் அவர் பாதத்தைத் தொட்டுக் கும்பிட்டேன்.

"இப்பவே கும்பிட்டுக்கறேனுங்க தம்பி. அப்புறம் நேரமிருக்காது."

மாஸ்டர் முகத்தில் கொஞ்சம் பயம் தெரிந்தது. கட்டிப் பிடித்தார். கீழே இறங்கினேன், மிதித்தேன், விலாவில் குத்தினேன், ஓடினேன். மண்டபத்தைத் தாண்டி, ரோட்டைத் தாண்டி, டீக்கடையில் பத்து பேர் நடுவில் போய் நின்றபோதுதான் செருப்பு இல்லாதது தெரிந்தது. மாஸ்டர் நொண்டிக்கொண்டே வாசலுக்கு வந்து, "பாஸுங்கம்மா, பாஸு! திரும்பி வாங்க!" என்று கத்தினார்.

வீட்டுக்காரருக்கு மனசு வரவில்லை. "அது சொல்லி வெச்சுப் புடிக்கறது. நெசமா ஒருத்தன் புடிச்சா என்ன பண்ணுவ?" என்று கேட் வாசலிலேயே என் மணிக்கட்டைப் பிடித்தார். லேத்துப் பட்டறையில் இரும்பு பிடித்த கை. திருப்பி, மடக்கி, உருவிக்கொண்டு சமையலுக்குப் போய்விட்டேன். எட்டிப் பார்த்தபோது, அவர் தன் கையையே திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மார்கழி ஒன்றாம் தேதி விடியற்காலை, கோலத்தைப் போட்டு நிமிர்ந்தால், குரங்குக் குல்லாவும் டார்ச் லைட்டுமாக நின்றுகொண்டிருந்தார்.

"எங்கீங்க கெளம்பிட்டீங்க?"

"தொணைக்கு."

"யாருக்குங்க?"

"நட புள்ள, நேரமாச்சு" என்றார். வீதி முனையில் ஒரு நாய் குரைத்ததும் நாய் இல்லாத பக்கமாக, எனக்கு மறுபுறம் வந்துவிட்டார்.

கோயிலில் திரை விலகியது. எனக்குப் பெருமாளைத் தவிர வேறெதுவும் தெரியவில்லை. பக்கத்தில் இவர், பொங்கல் எத்தனை மணிக்குத் தருவார்கள் என்று யாரிடமோ கேட்டுக்கொண்டிருந்தார்.